தட்டாமல் போன நட்சத்திரங்கள்

ஓட்டிலி வென்ட்லர். பிறப்பு: 9 மார்ச் 1858, லைப்சிக். 1884இல் அந்நகரின் அச்சகம் ஒன்றில் வாசிப்பாளராகச் சேர்ந்தார். திருமணம்: 1889, அதே அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர் காட்லோப் ராடெயுடன். இறப்பு: 1931.

கையெழுத்துப் படியை ஓட்டிலி உரக்கப் படிப்பார். ராடெ மெய்ப்போடு ஒப்பிட்டுப் பிழை களைவார். பேராசிரியர் ஹார்ட்விக்கின் நூலில் ஓட்டிலி படிக்க வேண்டியிருந்தது, சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன், ஜெர்மன் ஆகியவற்றையெல்லாம் ஈன்ற மூலமொழியை. அதை எழுதிவைத்தவர் எவருமில்லை. மகள்களின் முகச்சாயலைக் கொண்டு தாயை வரைவதுபோல் ஊகித்தெடுத்த சொற்கள் அவை. எவரும் கண்டதில்லை என்பதற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நட்சத்திரம் அச்சாகும். அது வரும்போதெல்லாம் ஓட்டிலி விரல்கணுவால் மேசையை ஒருமுறை தட்டுவார்.

1887 அக்டோபரில் ஒருநாள் ராடெக்குக் கடும் தலைவலி.

"தட்டாதீங்கம்மா, மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப நட்சத்திரத்துக்கு என்ன பண்றது?"

"தலைய ஆட்டுங்க, போதும்."

ஓட்டிலி ஒன்று விடாமல் தலையாட்டினார். ராடெயின் கண்களோ, அச்சுக்கோப்பவர் சில நட்சத்திரங்களை விட்டிருந்த மெய்ப்பிலேயே இருந்தன.

பிப்ரவரியில், கட்டுப்போட்ட அறுநூறு பிரதிகளுக்கு நடுவே பேராசிரியர் வந்து நின்றார்.

"முப்பத்தெட்டு வார்த்தைய நட்சத்திரமே இல்லாம, நான் ஏதோ கல்வெட்டுல பார்த்த மாதிரி அடிச்சு வெச்சிருக்கீங்களே! பெர்லின்ல இருக்கிற என் போட்டிக்காரன் வயிறு குலுங்கச் சிரிப்பான். ராடெ, மெய்ப்புல சரின்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

ராடெ வாய் திறக்குமுன் ஓட்டிலி முந்திக்கொண்டார்.

"நட்சத்திரத்த முழுங்கினது நான்தான் ஐயா. நாலு வருஷமா அந்த மொழிய வாய்விட்டுப் படிக்கிறவளும் நான்தான். அவர விட்டுடுங்க."

பேராசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படிப் பார்த்தா, அத இன்னிக்கும் பேசுற ஒரே ஆளு நீங்கதான். சரி, ஈஸ்டர் புத்தகச் சந்தைக்குள்ள அத்தனையும் கையாலயே போட்டாகணும். ஒண்ணு குறைஞ்சாலும் ராடெ வேற வேலை தேடிக்கட்டும்."

வேலை போய்விடுமே என்ற பயத்தோடு தொடங்கிய அந்த ஐந்து வாரங்களைத்தான் பிற்காலத்தில் ஓட்டிலி ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார். சன்னலோர மேசை, கம்பு ரொட்டி, ஆறிப்போன சிக்கரிக் காப்பி, விரல்களில் மை. ராடெ பக்கத்தைத் திறந்து சொல்லைக் காட்டி மேசையைத் தட்டுவார். ஓட்டிலி நட்சத்திரம் வரைவார்.

"இப்ப தலை வலிக்கலையா?"

"நான் தட்டினா வலிக்காதும்மா."

சந்தைக்கு முந்தைய நாள் கடைசிப் பிரதியும் மூடப்பட்டது. ராடெயின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. மணமான பின்பும் காப்பி வேண்டுமென்றால் அவர் மேசையை ஒருமுறை தட்டுவார். 1919இல் அந்தத் தட்டல் ஓய்ந்தது. அதன்பின் ஆண்டுக்கொருமுறை ஓட்டிலி பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்று அந்த நூலை வாங்கி, மை மங்கியிருந்த பக்கங்களைத் தடவிப் பார்த்து வருவார்.

பிரதிகள் 600. ஒவ்வொன்றிலும் 38. கையால் வரைந்த நட்சத்திரங்கள் 22,800.