சோத்தாங்கைப் பக்கம்

அவள் இடதுகைக்காரி. எழுதுவது, நறுக்குவது, சாப்பிடுவது, அறைய வேண்டுமென்றால் அறைவது, எல்லாம் இடதுகைதான். அவள் அம்மா அதை மாற்றப் பார்க்கவில்லை. "உன் சோத்தாங்கையைக் கழுவுடி" என்றால் அந்த வீட்டில் அவளுடைய இடதுகை என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த வீட்டில் அப்படி இல்லை. முதல் பந்தியிலேயே புருஷனுடைய தம்பி அவளுக்கு 'லெஃப்ட்டு அண்ணி' என்று பேர் வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். புதுப்பெண்ணாயிற்றே, அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவள் வேலை. அந்த வண்டிக்குத் திரும்புவது பின்சக்கரம். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். ஏரியில் வாடகைப் படகை முதல்தடவை ஓட்டிப் பார்த்தபோது அதுவும் அப்படியே பின்பக்கத்தை வீசியது.

"அட, நம்ம வண்டி! தண்ணியில மெதக்குது, அவ்வளவுதான்" என்றாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை.

ஏரியில் படகோட்ட யாரும் சான்றிதழ் கிான்றிதழ் கேட்பதில்லை. வெளிநாட்டில் போய்க் கடலில் படகெடுத்துத் தீவு தீவாகச் சுற்றலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். ஆனால் ஓட்டுகிறவர் கையில் சான்றிதழ் இருந்தால்தான் அந்த நாட்டுக்காரன் சாவியைத் தருவானாம். ஏரிக்கரைக் கிளப்பில் பரீட்சை வைத்துத் தந்தார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலி தேய்க்கிற கொழுந்தன் ஒரே எட்டில் போய் வாங்கி வந்துவிட்டான். இவளுக்குப் படகு கைக்கு வந்துவிட்டது, விதிகள்தான் வரவில்லை. புத்தகம் முழுக்க இங்கிலீஷ்.

"நான் இருக்கேன்ல அண்ணி" என்று கொழுந்தன் சாப்பாட்டு மேஜையிலேயே வாத்தியாராகிவிட்டான்.

"ஸ்டார்போர்டுன்னா என்ன தம்பி?"

"சோத்தாங்கைப் பக்கம். பச்சை லைட்டு. அந்தப் பக்கத்துலருந்து எவனாவது குறுக்க வந்தா நீங்க ஒதுங்கணும். பீச்சாங்கைப் பக்கம் போர்ட்டு, செவப்பு லைட்டு. அங்கருந்து வந்தா அவன் ஒதுங்குவான். முடிஞ்சது கடலு."

எதிரே உட்கார்ந்து அவள் இடதுகையால் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைகிற கையைப் பார்த்தே பாடத்தை மனசில் ஏற்றினாள். இந்தக் கை ஸ்டார்போர்டு. இந்தக் கை பச்சை.

பரீட்சையன்று படகைக் கரையோடு ஒட்டினாள், பூப்போல ஒட்டியது. பின்னாலே எடுத்தாள், சுழற்றினாள். பரீட்சை வைத்த பெரியவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். அப்போது வலதுபக்கத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகு குறுக்கே வந்தது. அவன் ஒதுங்குவான் என்று இவள் நிமிர்ந்த தலை குனியாமல் நேரே போனாள். பெரியவர் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கினார். இரண்டு படகுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"என்னம்மா பண்றீங்க? ஸ்டார்போர்டுல வர்றான், கண்ணு தெரியலையா?"

"ஸ்டார்போர்டு இந்தப் பக்கம்தானே சார்?" என்று இடதுகையை நீட்டினாள்.

"வலது எது இடது எதுன்னு தெரியாதவங்களக் கடல்ல விட்டா, என்னைத்தான் உள்ள போடுவாங்க. அடுத்த மாசம் வாங்க."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொழுந்தன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். குறுக்கே போய் நின்றாள்.

"எனக்கு எது தம்பி சோத்தாங்கை?"

விஷயம் புரிந்ததும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ அண்ணி! ஊருக்கெல்லாம் ஒரே சோத்தாங்கை. உங்களுக்கு மட்டும் தனியா செஞ்சு அனுப்பிருக்காங்களா?"

"எதுத்தாப்ல உக்காந்து நான் எந்தக் கையில திங்கிறேன்னு பாத்துக்கிட்டுத்தானே சொல்லிக் குடுத்த? லெஃப்ட்டுன்னு பேரு வைக்கத் தெரிஞ்சுது, லெஃப்ட்டு ரைட்டுன்னு சொல்லிக் குடுக்க வாய் வரலையா?"

"வெளையாட்டா எடுத்துக்கோங்க அண்ணி."

"ஆமாடா, அவன் படகு என் மேல ஏறியிருந்தா அதுவும் வெளையாட்டுதான்!"

அவளுக்கு இவன்மேல்கூட அவ்வளவு கோபமில்லை. புருஷன் வாயைத் திறந்தானே, அதில்தான் பற்றிக்கொண்டது. ஆள் நல்லவன்தான், எலெக்ட்ரீஷியன், ஆனால் தம்பி முன்னால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிடுவான்.

"விடேன்மா. அவன்தான் பாஸாயிட்டானே. யாரு ஓட்டுனா என்ன? நீ உள்ள உக்காந்து டீ போட்டுக் குடு, ஜாலியா வா."

"டீ போடத் தெரிஞ்ச கை உங்களுக்கும் ரெண்டு இருக்குல்ல?" என்றாள். அன்று அடுப்பு பற்ற வைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் கடையில் நகச்சாயம் வாங்கினாள். இடதுகை விரலெல்லாம் சிவப்பு, வலதுகை விரலெல்லாம் பச்சை. கிடங்கில் சூப்பர்வைசர், "என்னக்கா, சிக்னல் மரம் மாதிரி வந்திருக்கே?" என்றான். "நீ குறுக்க வராம இரு, அது போதும்" என்றாள். சோத்தாங்கை பீச்சாங்கை இரண்டையும் மனசிலிருந்து வழித்தெறிந்தாள். கிடங்கு முழுக்கப் பச்சை, சிவப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே மூட்டை தூக்கினாள். அடுத்த மாதம் பரீட்சைக்குப் போனாள், பாஸானாள். பெரியவர் நகத்தைப் பார்த்தார், கையெழுத்தைப் போட்டார்.

வெளிநாட்டுப் படகுத்துறையில் படகுக்காரர் சாவியோடு நின்று, யார் கேப்டன் என்று கேட்டார். புருஷன் தன்னையறியாமல் தம்பியைக் காட்டினான். தம்பி கையை நீட்டினான். அவள் நடுவில் புகுந்து, தன் சான்றிதழைக் காட்டிச் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எனக்கும் சான்றிதழ் இருக்கு அண்ணி."

"பர்சுல பத்திரமா வச்சுக்கோ. கீழ நின்னு கயித்த அவுரு."

"ஆபீஸ்ல என்னைச் சார்னு கூப்பிடுறாங்க. நான் கயிறு அவுக்கணுமா?" மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு துறையிலேயே உட்கார்ந்துவிட்டான். கெஞ்சுவார்கள் என்று நினைத்தான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "என்னங்க, நீங்க ஏறுறீங்களா, தம்பிக்குத் துணையா உக்காருறீங்களா?"

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்தான், முடிச்சு தெரியாமல் திண்டாடி, பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு ஏறினான்.

"அவன் தனியா நிக்கிறான்மா."

"நிக்கட்டும்."

சாயங்காலம் திரும்பியபோதும் கொழுந்தன் தூக்கிய மூஞ்சியை இறக்கவில்லை. அவளுக்கும் கோபம் அடங்கியதா என்றால், இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அவள் எஞ்சினைப் போட்டதும், யாரும் சொல்லாமலே கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, படகுக்குள் போட்டவன் கொழுந்தன்தான். "பின்னாடி போய் உக்காரு" என்றாள். போய் உட்கார்ந்தான்.