ஈட்டி பிடித்த முகம்

என் மகள் பல்கலைக்கழகக் கபடி அணியில் ஆடுகிறாள். அந்த அணியின் பனியனில் மலைவாசி முகம் ஒன்றைப் போட முடிவு செய்து, படம் வரைபவர் ஒருவரை ஜவ்வாது மலைக்கு, மலைவாசிகளான எங்கள் வீட்டுக்கே அனுப்பினார்கள்.

"அந்தாளுகிட்ட எடுத்துச் சொல்லுப்பா. காட்டுமிராண்டி மாதிரி வரைஞ்சிட்டா, நான்தான் அதைப் போட்டுக்கினு ஆடணும்" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

வந்தவர் ஒல்லியாக இருந்தார். பேசும்போதே ஒரு கண்ணைச் சுருக்கி, பென்சிலை நீட்டி என் முகத்தை அளந்தார். பிறகு செல்போனில் ஏற்கெனவே வரைந்திருந்ததைக் காட்டினார். தலையில் இறகு, கையில் ஈட்டி, பிதுங்கிய கண்கள்.

"உங்க ஜனங்களுக்கு மரியாதை பண்ணத்தாண்ணே இது."

புதியவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. கஷ்டப்பட்டுச் சொன்னேன்: "எங்க வூட்ல ஈட்டி இல்லீங்க. களைக்கொட்டுதான் இருக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "களைக்கொட்டப் பாத்து எவன் பயப்படுவான்? எதிர் டீம் மிரள வேணாமா அண்ணே?"

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. அந்தப் படமே பனியனில் வந்தது. முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் வாயில் கையடித்து ஊளையிட்டார்களாம். "நீ சொன்னியாப்பா?" என்று மட்டும் மகள் கேட்டாள்.

படம் வரைந்தவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியவில்லை. சாமைச்சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும் முன் எங்கள் ஆட்டை ஒரு தாளில் வரைந்து, என் மனைவியிடம் கொடுத்தார். கிழிந்த காது முதற்கொண்டு அப்படியே இருந்தது. அவ்வளவு நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர், எதிரிலேயே உட்கார்ந்திருந்த என்னை ஏன் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.