தவறே சொல்லாத சோதனை

சென்ற ஆண்டு ஓசூரில் நடந்தது இது. ஜூஜுவாடிப் பக்கம், பைக்குகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். புரோகிராம் எழுத நானாகவே கற்றுக்கொண்டவள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்!

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், ஒன்று இருக்கிறது. மற்ற புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் மூன்று ஃபங்ஷன்களை, அதாவது குட்டிப் புரோகிராம்களை, எழுதி அதற்கு அனுப்பினேன். அதில் ஒன்று, கொடுத்த அளவுகள் எல்லாம் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும். எங்கள் அளக்கும் மெஷின்கள் பெரிய பிழையைத் தாமே ஒதுக்கிவிடும்; நுணுக்கமான எல்லையைப் பார்க்க, அவை கம்ப்யூட்டருக்கு அனுப்பும் அளவுகளுக்கு அதைத்தான் போட்டிருந்தேன்.

அனுப்பியதை உடனே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பொதுவில் வைப்பார்கள், யாரும் கேள்வி கேட்கலாம். சபாஷ் வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு கேள்வி. ஊர் பேர் தெரியாத ஒருவர், “இது எதையாவது தவறு என்று சொல்லி நீங்கள் பார்த்ததுண்டா?” என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. “இரண்டு மாதமாக எங்கள் தொழிற்சாலையில் ஓடுகிறது, ஒரு தடவைகூடத் தவறு என்று வந்ததில்லை” என்று வெடுக்கென்று பதில் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “ஒரு தடவைகூடவா? ஆச்சரியமாக இருக்கிறதே! ஒன்றுமே இல்லாத வெறும் பட்டியலைக் கொடுத்தால் என்ன சொல்லும்?” என்றார்.

மதியம் கேன்டீனில், உற்பத்தி லைனில் வேலை செய்யும் கெலமங்கலத்துப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். “ஏங்க மேடம், தெனமும் காலைல மெஷினுக்குச் செவப்பு பீஸக் காட்டிட்டுத்தானே வேலையே ஆரம்பிக்கிறோம்? உங்க புரோகிராமுக்குக் காட்டுனீங்களா?”

அது எங்கள் வழக்கம். வேண்டுமென்றே அளவு தப்பான ஒரு பீஸுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருப்போம். ஷிப்ட் தொடங்கும்போது முதலில் அதை மெஷினில் வைப்போம். மெஷின் அதை ஒதுக்கினால்தான் அன்றைக்கு அதை நம்புவோம். அதைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுகிறவளே நான்தான்!

சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினேன். வெறும் பட்டியலைக் கொடுத்தேன். “எல்லாம் சரி” என்றது பச்சை எழுத்தில். சரி, நிஜத்தில் அப்படி வந்திருக்குமா என்று தோன்றவே, அன்றைய ஃபைல்களைத் திறந்தேன். இரண்டாவது மெஷினின் ஃபைலில் காலையிலிருந்து ஒரு அளவுகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு வரும் கேபிள் கழன்று கிடந்தது. என் புரோகிராமோ பெட்டிக்குப் பெட்டி சரி என்று அனுப்பிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய், “தப்பு என்னோடது சார்” என்றேன்.

“லாரி கேட் பக்கத்துல நிக்குது, இப்ப வந்து சொல்றியேம்மா!” என்று தலையில் கை வைத்தார். ஆனாலும் லாரியை நிறுத்திவிட்டார். பெட்டிகளை இறக்கி, எல்லோருமாக உட்கார்ந்து கையால் அளந்தோம். நான்கு பீஸ்கள் அளவு தப்பியிருந்தன.

நடந்ததை அப்படியே அந்தப் பொது விவாதத்தில் எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு, “மற்ற இரண்டையும் இப்படிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்தேன். அவற்றில் ஒன்றும் அதே லட்சணம்! தவறான இரண்டையும் திருத்தி அனுப்பிய பிறகே மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்றைக்கும் எனக்கு முன்னால் போகும் பைக் சட்டென்று பிரேக் போட்டு நிற்கும்போது அந்த நான்கு பீஸ்கள் ஞாபகம் வரும். என் வெடுக்குப் பதிலைப் பார்த்து அவர் கேள்வியை அத்தோடு விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்து, முகம் தெரியாத அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.