சைலன்சர் விருத்தாசலம்

விருத்தாசலம் விழுப்புரத்தில் வெல்டிங் கடை போட்டது 1961ஆம் வருஷம், தை மாசம். அதற்கு முன் சென்னையில் ஒரு பாய்லர் பட்டறையில் வேலை பார்த்தார். விரல் பருமன் இரும்புத் தகடுகளை ஒட்டிப் பழகிய கை. ஊர் திரும்பியதும் கோலியனூர் சாலையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, உடைந்த வண்டி அச்சும் கலப்பையும் வரும் என்று காத்திருந்தார். முதலில் வந்ததோ ஆயில் எஞ்சின் சைலன்சர்.

கொண்டுவந்தவர் பாஞ்சாலியம்மா. கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறவர். கணவர் மாட்டு வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் கிணற்றங்கரை எஞ்சினை அவரேதான் ஓட்டினார். சைலன்சரின் வயிற்றைத் துரு தின்று ஓட்டையாக்கியிருந்தது. எஞ்சின் போடும் கூச்சலில் பக்கத்து நிலத்து வேங்கடேசனின் எருமை மிரண்டு, பாலை அடக்கிக்கொண்டது. அதனால் இரண்டு வீட்டுக்கும் தினமும் வாய்த்தகராறு.

டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் விருத்தாசலம் வேலையில் இறங்கினார். தகடு மிக மெல்லியது. நெருப்பு பட்ட மாத்திரத்தில் இரும்பு உருகிச் சொட்டியது. ஒரு ஓரத்தை அடைக்கப் போனால் இன்னொரு ஓரம் விலகியது.

"ஏம்பா, ஒரு ஓட்டைய அடைக்கக் குடுத்தா மூணாக்கி வச்சிக்கினு நிக்கிறியே" என்றார் பாஞ்சாலியம்மா. நன்றாகத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது விருத்தாசலத்துக்கு. எப்படியும் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, பழைய தகடுகளில் பழகிப் பார்த்தார். கொட்டகையில் சல்லடைகள்தான் சேர்ந்தன.

கேஸ் வெல்டிங்குக்குக் கார்பைடு வாங்கத் திண்டிவனம் போன சந்தை நாளில்தான் செண்பகத்தைப் பார்த்தார். அப்பா இறந்தபின் அவர் செய்த தொழிலைத் தானே எடுத்துக்கொண்டு, சந்தையில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த பெண். சைலன்சர் தகட்டைவிட மெல்லிசான ஒரு குடத்தை அவள் அலட்டிக்கொள்ளாமல் பற்றவைப்பதை நின்று பார்த்தார். என்ன பாத்திரம் கொண்டுவந்தீர்கள் என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் வெளிச்சத்தை மறைக்காமல் நில்லுங்கள் என்றாள்.

அடுத்த சந்தைக்குச் சைலன்சரைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார். ஓட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இரும்ப ஏன் உருக்கறீங்க? அது லேசா செவந்தா போதும். வெங்காரப் பொடியத் தூவி, பித்தளைக் கம்பியக் காட்டுங்க. அது தானா ஓடிப்போய் சந்துல உக்காந்துக்கும்."

கடைக்கு வந்து அப்படியே செய்தார். சைலன்சரை வைக்கோல் தீயில் போட்டு உள்ளே படிந்த எண்ணெய்க் கரியை எரித்தார். ஓட்டைகளைச் சுற்றிப் பளபளக்கும்வரை அரம் போட்டார். பழைய பீப்பாய்த் தகட்டில் ஒட்டு ஒன்று வெட்டி வைத்து, தீயைத் தணித்துப் பிடித்தார். பித்தளை உருகி ஒட்டைச் சுற்றிப் பொன் சரடு போல ஓடியது. தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்த்தார்; ஒரு குமிழிகூட வரவில்லை. அன்றைக்குக் கடையை மூடிவிட்டு இரண்டு தெரு தள்ளிப் போய் அல்வா வாங்கித் தின்றார்.

எருமை பால் கொடுத்தது. வேங்கடேசன் ஒரு சொம்பு மோரைப் பாஞ்சாலியம்மா வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் சில நாளிலேயே பாஞ்சாலியம்மா மறுபடி கடை வாசலில் வந்து நின்றார். ஒட்டு விட்டுப்போச்சு என்றே விருத்தாசலம் பயந்தார்.

"எஞ்சின் நின்னுபோனதே தெரியாம வூட்ல கேப்பை அரைச்சிக்கினு இருந்தேன்பா. பாதி மல்லாட்டைக்குத் தண்ணி பாயல. எனக்குக் கொஞ்சம் சத்தம் வேணும்."

இதைச் செண்பகத்திடம் போய்ச் சொன்னபோது, புகை போகும் குழாயை நீட்டிக் குறைத்துப் பாருங்களேன் என்றாள். விருத்தாசலம் விதவிதமான குழாய்த் துண்டுகளோடு கோலியனூர் போனார். ஒவ்வொன்றாக மாட்டி எஞ்சினை ஓட்டினார். பாஞ்சாலியம்மா தன் வீட்டு வாசலில் நின்று, காதில் விழுந்தால் துண்டை ஆட்ட வேண்டும். வேங்கடேசன் எருமை பக்கத்தில் நின்று, அது மிரளாவிட்டால் கையைத் தூக்க வேண்டும். துண்டும் கையும் ஒன்றாக எழுந்த குழாயை அங்கேயே பற்றவைத்தார்.

செய்தி பரவியது. தன் எஞ்சின் ஓடுகிறதா என்று வீட்டிலிருந்தே தெரிய வேண்டும், அடுத்தவன் எஞ்சினோடு குழம்பவும் கூடாது என்று ஆளுக்கொரு சத்தம் கேட்டு வந்தார்கள். ஒருவருக்குக் கரகரப்பு, ஒருவருக்குக் கணீர். சைலன்சர் விருத்தாசலம் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

வேலை கையை மீறியபோது அவர் திண்டிவனம் போனார்.

"கடைல ரெண்டு பேருக்கு வேலை இருக்குது. நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றார்.

செண்பகம் குறடைக் கீழே வைத்தாள். "வேலைக்குக் கூப்புடறீங்களா, கல்யாணத்துக்குக் கூப்புடறீங்களா?"

"ரெண்டுக்கும்."

"அப்ப எங்கம்மாவ வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு, அன்று சந்தை கலையும்முன்னே சாமான்களைக் கட்டினாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சில வருஷம் கழித்து, மோட்டார் சைக்கிள்கள் பெருகிய சமயம், திண்டிவனம் போகும் வழியில், கூட்டேரிப்பட்டு முனையில் பெரிய கடையாகப் போட்டார்கள். கனத்த இரும்பெல்லாம் அவருக்கு, மெல்லிய தகடெல்லாம் அவளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். யாராவது விவரம் தெரியாமல் சைலன்சரை அவரிடம் நீட்டினால், "அது அவங்க செக்‌ஷன்" என்று உள்பக்கம் கை காட்டிவிட்டு, ரொம்பப் பெருமையாகச் சிரிப்பார்.