அரண்மனைத் தோட்டத்து ரயிலும் ஒற்றைச் சப்பாத்தும்

அந்த ரயிலுக்குத் தண்டவாளம் கிடையாது. எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது அங்கேதான். கோலகங்சாரில் அரண்மனைத் தோட்டத்தை ரயிலிலேயே சுற்றிப் பார்க்கலாம், சக்கர நாற்காலியும் ஏறும் என்று எங்கள் கோயில் மாதர் குழுவில் வாட்ஸ்அப் செய்தி வந்தபோது, ஈப்போ ஸ்டேஷனில் ஏறி அங்கே போய் இறங்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். காலை ஆறரை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிடாமல் என்னைக் காப்பாற்றியது எதிர்வீட்டு அக்கா. பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்தால், இன்ஜின் மாதிரி முகம் வைத்த ஒரு வண்டி, அதன் பின்னால் மூன்று பெட்டி, எல்லாம் ரப்பர் டயரில் நிற்கிறது.

"இது லாரிலா," என்றார் என் வீட்டுக்காரர். இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரைத்தான் பார்ப்பார்.

அவரைக் கிளப்பிக் கூட்டி வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. செய்தியைச் சொன்ன அன்றே, "தோட்டத்துல பொறந்தவனுக்குத் தோட்டம் சுத்திக் காட்டப் போறியா?" என்று கேட்டார். செமோருக்கு அந்தப் பக்கம் இருந்த ரப்பர்த் தோட்டத்தில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். எங்களுக்குத் தோட்டம் என்றால் வரிசை வரிசையாகப் பால்மரம். பூ பார்க்க யாரும் தோட்டத்துக்குப் போனதில்லை. நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வருகிறேன் என்றார்.

எனக்கு இருந்த பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. இனிப்பு நீர் வியாதி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து மனுஷர், கிளினிக்குக்குத் தவிர, நாங்கள் குடியிருக்கும் தாமானை விட்டு வெளியே வரவில்லை. தாமானுக்குள் மட்டும் ராஜாதான். நாற்காலியை யாரும் தள்ள விடமாட்டார். இடது பக்கத்துக் கால் வைக்கும் பலகையை மடக்கிவிட்டு, அந்த ஒரு காலால் தரையை உந்தி உந்தியே கடைக்கும் கோயில் வாசலுக்கும் போய்விடுவார். பின்னால் போய் நான் கைப்பிடியைத் தொட்டால் போதும், காலை ஊன்றி பிரேக் போட்டுவிட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அதோடு கையை எடுத்துவிடுவேன்.

டாக்டர் அதற்கு ஒரு நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்தார். பாதத்தில் உணர்ச்சி இருக்கும்வரை உந்தலாம். உணர்ச்சி போய்விட்டால் ஆணி குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. அந்தப் புண்ணே இந்தக் காலையும் கொண்டுபோய்விடும். அப்புறம் காலைத் தரையில் வைக்கவே கூடாது, வேறு யாராவதுதான் தள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு மெல்லிய நைலான் நரம்பால் பாதத்தில் அங்கங்கே தொடுவாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் 'ஆ' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். இருந்தாலும் வெறுங்கால் மட்டும் எந்நேரமும் கூடாது என்று கறுப்பாக, தடியாக ஒரு சப்பாத்து கொடுத்திருந்தார்கள். ஜோடியாகத்தான் கொடுத்தார்கள். மற்றது பெட்டியிலேயே இருக்கிறது, அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ரயிலுக்கு வருகிறேன். அரண்மனை வண்டி என்பதால் ஆசனம், கூரை, படி எல்லாவற்றையும் மஞ்சள் துணியால் சுற்றியிருந்தார்கள். சுல்தானுக்கு உரிய நிறம் மஞ்சள், அது எங்களுக்கும் தெரியும். ஆனால் ஓரத்தில் குஞ்சலம் தொங்க அப்படி ஒரு மஞ்சளைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகக் கீழே போய்விடுகிறது. முதலில் ஏறிய குழுத் தலைவி அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். அடுத்தவளும் கழற்றினாள். அதற்குப் பிறகு யாரும் யோசிக்கவில்லை. வண்டிக்குப் பொறுப்பாக இருந்த மலாய்க்காரப் பெண், நாங்கள் காக்காக் என்று கூப்பிட்ட அக்கா, செருப்பு வரிசையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். இது ஏதோ இவர்களுடைய வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

எல்லாரும் ஏறிய பிறகு கடைசிப் பெட்டியில் சாய்தளத்தை இறக்கினார்கள். நானும் என் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் முறைப்பதைக் கண்டுகொள்ளாமல் பின்னால் இருந்து தள்ளினேன், காக்காக் முன்னால் இருந்து இழுத்தாள். சாய்தளத்தில் ஒற்றைக் காலால் உந்தி ஏற முடியாது என்பதால் அதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார். நாற்காலியைப் பட்டைகளால் தரையோடு கட்டினார்கள். வண்டி கிளம்பியது.

உள்ளே ஒலிபெருக்கியில் மலாய், ஆங்கிலம், சீனம் என்று மாறி மாறி விளக்கம் ஓடியது. அதுவும் வண்டியும் ஒத்துப்போகவில்லை. குரல் தாமரைக் குளத்தின் அழகைச் சொல்லும்போது நாங்கள் ஒரு சாக்கடைக் கான் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். குளம் வந்தபோது அது பழைய அரண்மனை ஆணி இல்லாமல் கட்டப்பட்ட கதைக்குப் போய்விட்டது. பெண்கள் எல்லாரும் குளத்தில் அரண்மனையைத் தேடினார்கள். நானும் தேடினேன். குனிந்து எட்டிப் பார்த்தபோதுதான் அவருடைய கால் கண்ணில் பட்டது. வெறுங்கால்.

"சப்பாத்து எங்க?"

அவர் குனிந்து பார்த்தார்.  முன்னால் இருந்த பெண்களின் கால்களைப் பார்த்தார். பிறகு, "எல்லாரும் கழட்டுனாங்கல்ல, நானும் கழட்டிட்டேன்," என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கோயிலில் குருக்களே சப்பாத்தோடு உள்ளே வரச் சொன்னால்கூட வாசலிலேயே நின்றுவிடுகிறவர், ஒரு லாரிக்கு மரியாதை செய்து சப்பாத்தைக் கழற்றியிருக்கிறாராம். திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். ஏனென்றால் பக்கத்தில் என் காலும் வெறுமையாகத்தான் இருந்தது. நான் யோசிக்காமல் செய்ததை அவரும் யோசிக்காமல் செய்திருக்கலாம். அப்படியானால் திட்டுவது நியாயமில்லை. யோசித்தே செய்திருந்தால்? இந்தக் காலும் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாரா? அந்த நினைப்பு வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பூ, குளம், ராணி குளித்த மண்டபம் எதுவும் அதற்குப் பிறகு கண்ணில் நிற்கவில்லை.

மண்டபத்துப் பக்கம் வண்டி நின்றது. படம் எடுக்க இருபது நிமிஷம் என்றார்கள். நண்பகல் வெயில், தரை முழுக்கச் செங்கல். இறங்கிய பெண்கள் ஐயோ அம்மா என்று குதித்துக்கொண்டு மரநிழலுக்கு ஓடினார்கள். தலைவி அக்கா தன் முந்தானையைக் கீழே போட்டு அதன்மேல் நின்றுகொண்டாள். நாம் இறங்க வேண்டாம் என்று இவரிடம் சொன்னேன். அதற்குள் காக்காக் பட்டைகளை அவிழ்த்து, சாய்தளத்தையும் இறக்கிவிட்டாள். இறக்கத்தில் என் உதவி அவருக்குத் தேவைப்படவில்லை. கீழே போனதும் காலை ஊன்றி உந்திக்கொண்டு குளத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கல் சுட்டுப் பொசுக்கியது. "சுடுதுங்க, கால எடுங்க" என்றேன். திரும்பாமலேயே, "சுடலலா, உனக்குத்தான் ரொம்ப" என்றார். அவருடைய கால் பட்ட கல்லில்தான் அடுத்த நொடி என் காலும் பட்டது. ஒரே கல். எனக்குச் சுடுகிறது, அவருக்குச் சுடவில்லை. என் கால்தான் வீட்டுக்குள்ளேயே இருந்து பழகி மென்மையாகிவிட்டதோ, அவர் ஆம்பிளை, தாங்குகிறாரோ என்றெல்லாம் அந்த ஓட்டத்திலும் யோசித்தேன். என் அறிவு அப்படி வேலை செய்தது.

குளத்தின் கரையில் நிழல் இருந்தது. முன்னால் போய் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். பாதம் முழுக்கச் சிவந்திருந்தது. கொப்புளம் வரவில்லை, நல்ல காலம். போத்தலில் இருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினேன். அவரும் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரன் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு ஏதோ போல இருந்தது.

"சுடலன்னு சொன்னீங்க?"

"சுட்டுச்சு. பொறுத்துக்கிட்டேன்," என்றார். "அதையெல்லாம் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?"

இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சற்று முன்னால் சுடவில்லை, இப்போது சுட்டதாம். எது உண்மை என்று கேட்டால் சண்டை வரும். அத்தனை பெண்களும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துண்டை நனைத்து அவர் பாதத்தில் சுற்றிக் கட்டினேன். திரும்பும்போது இந்த வம்பு வேண்டாம் என்று, வண்டிவரை நாற்காலியைத் தலைவி அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே போனோம். 

வண்டி கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. தோட்டக்காரர் ஒருவர் எங்கள் செருப்புகளை எல்லாம் நிழலுக்கு மாற்றி, ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார். பெண்கள் இறங்கி அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டார்கள். நான் சப்பாத்தைத் தேடினேன். இரண்டு தரம் பார்த்தேன். வரிசையில் சப்பாத்து இல்லை. கழற்றி வைத்ததாகச் சொன்னாரே, எங்கே வைத்தார்? கையில் எடுத்துக்கொண்டு ஏறினாரா? பெட்டிக்குள் திரும்பிப் போய் ஆசனத்துக்கு அடியிலும் பார்த்தேன்.

அப்போது காக்காக் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் ஏறும்போது சாய்தளத்தின் விளிம்பில் தட்டிப் பக்கத்துப் புல்லில் விழுந்திருக்கிறது, வண்டி போன பிறகு தோட்டக்காரர் எடுத்து வைத்தாராம். மலாயில் மெதுவாகத்தான் சொன்னாள். பாக்சிக், அதாவது பெரியவர், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்றும் சொன்னாள்.

வாங்கிப் பார்த்தேன். சப்பாத்தின் ஒட்டுப்பட்டை ஒட்டியபடியே இருந்தது. கழற்றுகிறவர் அந்தப் பட்டையைப் பிரிக்காமல் கழற்ற மாட்டார். காலையில் நான்தான் தளர்வாக மாட்டிவிட்டிருக்கிறேன். அது சாய்தளத்தில் தட்டி நழுவி விழுந்திருக்கிறது. விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் கேட்டபோதுதான் குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். கிளினிக்கில் மிஸ்ஸி தொடும்போதெல்லாம் சொன்ன 'ஆ' எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் ஒரே சீராகத் தொடுவாள். இவரும் ஒரே சீராகச் சொல்வார். இருபத்தெட்டு வருஷம் இன்ஜின் சத்தம் கேட்டே கியர் மாற்றிய ஆளுக்கு அந்தக் கணக்கு ஒரு பெரிய விஷயமா?

எவ்வளவு நாளாக என்று கேட்கத்தான் பெட்டிக்குள் போனேன். எல்லாரும் இறங்கிவிட்டார்கள், அவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். என் கையில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார், அதன் ஒட்டிய பட்டையையும் பார்த்தார். நான் கீழே உட்கார்ந்து, ஈரத்துண்டை அவிழ்த்து, பாதத்தைத் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பட்டையைப் பிரித்து, காலை உள்ளே நுழைத்து, இந்த முறை இறுக்கி ஒட்டினேன். ஒட்டிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுங்க."

"பலகைய எறக்கு," என்றார். இரண்டு வருஷமாக மடக்கியே கிடந்ததால் அது கொஞ்சம் முரண்டு பிடித்தது. இறக்கினேன். கையால் தொடையைத் தூக்கிக் காலை அதன்மேல் அவரே வைத்தார். காலைக் குனிந்து பார்த்து, பலகையில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.

"தள்ளு," என்றார்.