கொய்யா மரத்தடியின் அரபு மண்

மோர்ச்சோற்றை வாயில் வைத்ததும் பல்லுக்கடியில் நறநறவென்றது. அம்மா ரேஷன் அரிசியைத் திட்டத் தொடங்கினாள். சுளகில் புடைத்து, கல் பொறுக்கி, வழக்கத்தைவிட இரண்டு தண்ணீர் கூடுதலாகக் களைந்த அரிசி அது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "அரிசிய ஏசாத. இது அரபு மண்ணாக்கும்" என்றார்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி என்று ஆகியிருந்த காலம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரம் கரமனையில் குடியிருந்தோம். மழையையும் காற்றையும் அளந்து எழுதும் சர்க்கார் ஆபீஸில் அப்பாவுக்கு வேலை. கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைக்கூட அங்கே எழுதி வைப்பார்கள்; அதற்கு அடையாளம் பொன்முடி மலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டதால், விடிந்ததும் நான் மொட்டைமாடிக்கு ஓடி "பொன்முடி தெரியுது" என்று கத்த வேண்டும். அப்புறம்தான் அவர் காப்பியைத் தொடுவார். அந்த மாசியில் மூன்று நாளாக மலையைக் காணோம். கொடித்துணி, வாழையிலை, கிணற்றுச் சுவர் எல்லாவற்றிலும் மஞ்சள் பூத்த ஒரு பொடி.

பாலைவனத்தில் காற்று கிளப்புகிற மண் மேகத்தின் உயரத்துக்கு ஏறி, மேல்காற்றோடு கடலைத் தாண்டி வருகிறது என்றும், முக்கால்வாசி வழியில் கடலிலேயே விழுந்துவிடும், மிச்சம் மீதிதான் நம் சோற்றுக்கு வருகிறது என்றும் அப்பா சொன்னார். கடலில் விழுந்ததும் வீணில்லை, அதிலுள்ள இரும்புச்சத்தைத் தின்று கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வளர்கின்றன என்று பிற்காலத்தில் படித்தேன். அம்மாவுக்கு அதிலெல்லாம் அக்கறையில்லை. "அப்பம் ஏடன்லயும் இதே மண்ணுதானா?" என்று கேட்டாள். பெருக்க எடுத்த துடைப்பத்தை அப்படியே மூலையில் சாத்திவிட்டாள்.

அரபுக் கரையிலுள்ள அந்த ஏடனில் அண்ணன் இருந்தான். அப்பா தன் ஆபீஸிலேயே சொல்லி வைத்திருந்த வேலைக்குப் போகாமல், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் பம்பாய்க்கு ரயிலேறி, அங்கிருந்து கப்பலேறி, துறைமுகத்தில் குமாஸ்தாவானவன். அன்றிலிருந்து அப்பா அவன் பேரை எடுத்ததில்லை. கடிதம் வந்தால், படிக்கத் தெரியாத அம்மாவுக்கு நான் வாசிப்பேன். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார், தாள் மட்டும் புரளாது. கடைசிக் கடிதத்தில் அண்ணன் எழுதியிருந்தான்: 'அப்பா கைப்பட ஒரு வரி எழுதினால் வந்துவிடுகிறேன். இல்லையென்றால் மே மாதத்தில் இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.' அம்மா அழுதாள், பட்டினி கிடந்தாள். அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர் அன்று சாயங்காலம் வெள்ளைப் 'பிஞ்ஞாணம்' ஒன்றில் (பீங்கான் தட்டுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்) தண்ணீர் விட்டு மொட்டைமாடியில் வைத்தார். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. தண்ணீர் வற்றி அழுக்காகக் கிடந்த தட்டைப் பார்த்து, பெரிய பொறுப்புக்காரி மாதிரி சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கவிழ்த்தேன். அப்புறம்தான் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கேட்டியா பிள்ளே, மாடியில உள்ள அந்த மண்ணச் சுரண்டி வச்சு அண்ணனுக்குக் காயிதம் எழுதப் போறாவளாம் உங்கப்பா."

தட்டு காலி என்று தெரிந்தால் அப்பாவின் மனசு பழையபடி இறுகிவிடும், அண்ணன் கையெழுத்துப் போட்டுவிடுவான். கொல்லையில் கொய்யா மரத்தடிச் செம்மண்ணைக் கிள்ளி எடுத்து, அம்மா மஞ்சள்பொடி சலிக்கும் துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் அப்பா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா செவந்திருக்கே" என்றார். பிறகு சுரண்டிக் காகிதத்தில் மடித்து, கூடவே ஒரே ஒரு வரி எழுதி, கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் தந்தார். 'உன் ஊர் மண்ணுக்கு இங்கே வர வழி தெரிந்திருக்கிறது.'

சித்திரை முடியுமுன் பதில் வந்தது. கவர் ஏற்கெனவே பிரிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசிக்க ஆரம்பித்தேன். நடுவில் நாலைந்து வரியை விழுங்கிவிட்டு, "அடுத்த கப்பலில் வருகிறேன்" என்று முடித்தேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் ஓடினாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"நடுவுல உள்ளத விட்டுட்டியே பிள்ளே. அதையும் வாசி."

வாசித்தேன். 'இது இந்த ஊர் மண் இல்லை. தண்ணீர் தெளித்து மோந்து பார்த்தேன். நம் கொய்யா மரத்தடி மண். வா என்று எழுத அப்பாவுக்குக் கை வரவில்லை, வீட்டு மண்ணையே அனுப்பிவிட்டார். எனக்கு அது போதும்.'

தாள் இறங்கியது. அப்பாவின் கண் நிறைந்திருந்தது. ஏசுவார் என்று காத்து நின்ற என்னிடம், "இன்னைக்குப் பொன்முடி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் வந்தான், பிறகு எங்கும் போகவில்லை. இப்போது மூவருமே இல்லை. மாடியில் ஏறினால் அடுக்குமாடி வீடுகளின் குளியலறை ஜன்னல்கள் தெரிகின்றன, மலை தெரிவதில்லை. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் பேத்தி போன மாதம் போனில், "ஆச்சி, அந்தக் கொய்யா மரத்து மண்ணு எனக்கும் கொஞ்சம் குடுத்து விடுங்க" என்றாள். மரம் எப்போதோ போயிற்று. கொல்லை முழுக்க சிமென்ட் கல் பதித்திருக்கிறார்கள். இண்டு இடுக்கெல்லாம் தேடியும் ஒரு சிட்டிகை செம்மண் அகப்படவில்லை. மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்தேன். மஞ்சள் பூத்த பொடி ஒட்டியது. அது அவள் ஊர் மண்.