ஈரக் கையெழுத்து

போன வியாழக்கிழமை. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிறேன். ஜன்னல் வழியே அந்த வாசனை வருகிறது.

நனைந்த கல் மாவின் வாசனை. தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போடுகிற இடத்தில் மட்டும் வருமே... லேசான கருகலும் குளிர்ச்சியும் கலந்து, மூக்கில் ஏறினால் நாக்கில் சுண்ணாம்பு பட்ட மாதிரி இருக்குமே — அதுதான்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது இதே வீட்டில் போர் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் தெருப் பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வாசலில். வெள்ளைப் புழுதி கறுத்தது, கறுப்பு சேறானது, சேறு பீய்ச்சி அடித்தது. அப்பா புதுச் சட்டையோடு போய் அதன் கீழே நின்றார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீருக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயுள். அப்புறம் போர் வறண்டுவிட்டது.

அதனால் திண்டுக்கல்காரனுக்கு இந்த வாசனை வந்தால் முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான். இன்றைக்கு யார் வீட்டுத் தண்ணீர் போகப்போகிறது?

டம்ளரை வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கி, அதாவது குடோன், இருந்தது. அதை இடித்துவிட்டார்கள். அங்கே பதினாலு மாடிச் சொகுசு அபார்ட்மென்ட் வரப்போகிறது என்று ஆறு மாதமாக பேனர் தொங்குகிறது. பேனரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் நீச்சல் குளத்தில் கால் நனைத்துக்கொண்டிருக்கிறது. ‘பால்கனியிலிருந்தே மலைக்கோட்டை தரிசனம்’ என்று கொட்டை எழுத்து. அந்தப் பதினாலு மாடி எழும்பினால் எங்கள் தெருவுக்கு மலைக்கோட்டை தெரியாது. எங்கள் கண்ணிலிருந்து எடுத்து இன்னொருவர் பால்கனிக்கு விற்கிறார்கள். சரி, போகட்டும். மலையைப் பார்க்காமல் உயிர் வாழலாம்.

ஆனால் நீச்சல் குளம்? குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கல்யாணத் தேதி மாதிரி காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற தெருவில்... மொட்டை மாடியில் நீச்சல் குளமா?

அபார்ட்மென்ட்டே கூடாது என்கிற ஆள் நானில்லை. என் தம்பி சென்னையில் ஒன்பதாவது மாடியில்தான் இருக்கிறான். ஜனங்களுக்கு வீடு வேண்டும். ஆனால் எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெரு இது. இதில் அத்தனை குடும்பத்தின் காரும் கழிவும் எந்த வழியாகப் போகும்? இதைக் கேட்டால் ‘வளர்ச்சிக்கு விரோதி’ என்கிறார்கள். வழி கேட்டவன் எப்போதிலிருந்து விரோதி ஆனான்?

கிட்டங்கி இடத்தில் போர் லாரி நின்று அலறிக்கொண்டிருந்தது. தகரக் கேட்டுக்கு முன்னால், எனக்கும் முன்பே ராணி அக்கா. முழங்கை வரை இட்லி மாவு. கழுவக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கிறார்.

ராணி அக்கா வீடு கிட்டங்கியின் மதிலை ஒட்டியது. மாவு அரைத்து விற்பதுதான் பிழைப்பு. முன்னறையில் மூன்று கிரைண்டர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்கட்டுக் கிணறு — எங்கள் தெருவில் இன்னும் வற்றாத ஒரே தண்ணீர். குழாய் ஏமாற்றுகிற நாளில் தெரு மொத்தமும் குடத்தோடு அங்கேதான் போகும். அக்கா ஒருநாளும் பின்கதவைத் தாழ் போட்டதில்லை. அந்தக் கிணற்றுக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில்தான் இப்போது பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

“யாரக் கேட்டுய்யா போர் போடுறீக?” அக்கா கத்தியதில் பாதியை லாரி விழுங்கிவிட்டது.

சைட் மேனேஜர் வெளியே வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஃபைல். “டெஸ்ட் போர்தாம்மா. தண்ணி இருக்கான்னு சும்மா பாக்குறோம்.”

“இருக்குன்னு எங்களுக்கே தெரியுமே. எங்க கெணத்துல இருக்கு. அதத்தான தேடுறீக?” என்றார் சேவியர் அண்ணன். என் பக்கத்து வீட்டுக்காரர், ரிட்டயரான பஸ் கண்டக்டர். வத்தலக்குண்டு ரூட்டில் படிக்கட்டில் தொங்கியவர்களை அதட்டியே கனத்துப்போன குரல்.

“கட்டடத்துக்கே இன்னும் அனுமதி வரலையே சார்?” என்றேன் நான்.

மேனேஜர் சிரித்தார். சொல்லிக்கொடுத்துப் பழகிய சிரிப்பு. “நீங்களே இப்பிடிக் கேட்டா எப்பிடி சார்? ஆட்சேபனை இல்லைன்னு தெருவே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கே.”

ஃபைலைத் திறந்து ஜெராக்ஸைக் காட்டினார்.

இருந்தது. என் கையெழுத்தேதான். கடைசி எழுத்தை ஒரு வால் மாதிரி இழுத்துவிடுவேன். அந்த வாலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மை பரவியிருந்தது. எனக்கு மேலே சேவியர் அண்ணன். அதற்கும் மேலே ராணி அக்கா. பக்கம் முழுக்கச் சொட்டுச் சொட்டாய்க் கலைந்த பெயர்கள்.

அந்தச் சொட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

போன சித்திரையில் தெருக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் எரிந்துபோனது. அக்கா கிணற்றில் வரிசை நீண்டு, சண்டையும் நீண்டது. அப்போது இந்தக் கம்பெனி தினம் ஒரு தண்ணீர் லாரி அனுப்பியது. இலவசமாக. நாங்கள் உருகிப்போனோம். நல்ல மனுஷர்கள் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்!

லாரித் தண்ணீருக்கு எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பிடித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். லாரி வந்து போனதற்கு அதுதான் அத்தாட்சி. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், முதுகுக்குப் பின்னால் இருபது பேர் — அந்த நேரத்தில் யார் படித்துப் பார்க்கிறார்கள்? கிளிப் போட்ட அட்டை, மேல்பக்கம் மடித்த தாள். ஈரக் கையால் கிறுக்கிவிட்டு நகர்ந்தோம். அந்த மடிப்புக்குள் இருந்திருக்கிறது, ‘ஆட்சேபனை இல்லை’ என்று இங்கிலீஷில் நாலு வரி.

ஆசையைக் காட்டி ஏமாற்றினால்கூட ‘நம் புத்தி அவ்வளவுதான்’ என்று ஆறிக்கொள்ளலாம். தாகத்தைக் காட்டி ஏமாற்றினால் எங்கே போய் ஆறுவது? கொடுத்த தண்ணீரை வைத்தே இருக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்வது என்ன வகை வியாபாரம்? இதில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு... அது என் மேலேயே. அந்த வரிசையில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான். வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பத்தியை எழுதி ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன். ஒரு மடிப்பை நிமிர்த்திப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கிணற்றை எட்டிப் பார்த்தோம். சித்திரையில்கூடத் தெரியாத ஒரு கல் படி வெளியே தெரிந்தது. பாசி காயாமல், பச்சைப் பசேலென்று.

“நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து இந்தப் படியப் பாத்ததே இல்ல தம்பி” என்றார் அக்கா. மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை.

மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். தமிழில், ஒரே பக்கம். கம்பெனி காட்டுகிறவை தண்ணீர் வாங்கியதற்குப் போட்ட கையெழுத்துகள்; போரை நிறுத்தவும், எங்கள் ஆட்சேபனையைப் பதிவு செய்யவும் என்று. சனிக்கிழமை முழுக்க அக்கா, சேவியர் அண்ணன், நான் என்று மூன்று பேரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம்.

யாரும் கையெழுத்துப் போடவில்லை!

“கையெழுத்தா? ஆள விடுங்கப்பு, ஒருக்கா பட்டதே போதும்.”

“இதுல எங்கயும் மடிச்சு கிடிச்சு வச்சிருக்கீகளா சார்?”

ஒரு வீட்டில் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பித் தந்தார்கள். பொழுது சாயும்போது தாளில் மூன்று பெயர்கள். அந்த மூன்றும் நாங்களே.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

“அக்கா, கையெழுத்துப் போடாத வீட்டுக்கு நாளையிலிருந்து கெணத்துத் தண்ணி இல்லைன்னு சொல்லிருங்க. ஒரு மணி நேரத்துல தெருவே போட்டுரும்.”

சேவியர் அண்ணன்கூட, சரிதானே என்பதுபோல் தலையாட்டினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏலே, என்னா பேச்சுப் பேசுற? தண்ணியக் காட்டித்தான அவனும் வாங்குனான்? நானும் அதையே செஞ்சா அவனுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்? அவனாச்சும் லாரியில கொண்டாந்தான்.”

தம்பி என்று மட்டுமே கூப்பிடுகிற அக்கா, முதல்முறையாக ‘ஏலே’ என்றார். எனக்குத் தகும்.

ஞாயிற்றுக்கிழமை குழாய் ஏமாற்றியது. தெரு குடத்தோடு வந்தது. பின்கதவு வழக்கம்போல் திறந்து கிடந்தது. கிணற்றுத் தூணில் வெளுத்த துண்டு ஒன்று தொங்கியது. பக்கத்து ஸ்டூலில், மடிப்பே இல்லாமல் மனு.

“மொதல்ல எறைச்சுக்கங்க. கொடத்தக் கீழ வைங்க. கையத் துடைங்க. செத்த நேரம் நின்னு கேளுங்க. பிடிச்சாப் போடுங்க, பிடிக்கலைன்னா கொடத்தத் தூக்கிட்டுக் கெளம்புங்க. அண்ணே, நீங்க படிங்க” என்றார் அக்கா.

சேவியர் அண்ணன், ஸ்டாப் பெயர் சொல்லுவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக இறக்கிவிட்டார். இரண்டு தடவை படித்தார்.

“கண்டக்டரே, ‘போரை நிறுத்தவும்’கிற எடத்துல வண்டிய நல்லா நிப்பாட்டி இன்னொருக்கா சொல்லுங்க” என்றது ஒரு குரல். தெரு சிரித்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

சிலர் போடாமல் போனார்கள். அவர்கள் குடமும் நிறைந்துதான் போனது. மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், அந்தப் புதுப் படியைக் கண்டார்கள், துண்டில் கை துடைத்தார்கள். இருட்டுவதற்குள் தாள் நிரம்பிவிட்டது. ஒரு பெயர்கூடக் கலையவில்லை.

திங்கட்கிழமை மாநகராட்சி அதிகாரி முன்னால், அவர் ஃபைலில் கம்பெனி கொடுத்திருந்த தாளையும் எங்கள் மனுவையும் அக்கா அருகருகே வைத்தார். “அது ஈரக் கை சார். இது துடைச்ச கை. பாத்தாலே தெரியும்.”

அதிகாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “விசாரிக்கிறோம்மா. அதுவரைக்கும் போர் வேலையை நிறுத்தச் சொல்றேன்.”

அதுவரைக்கும்! எத்தனை வசதியான வார்த்தை. போர் லாரி போய்விட்டது, பேனர் போகவில்லை. நீச்சல் குளத்தில் இன்னும் கால் நனைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். படியும் இன்னும் முங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் மேனேஜர் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அங்கே மாவு வாங்கப் போயிருந்தேன். அன்றைக்கு அவர் சட்டையில் இஸ்திரி கலைந்திருந்தது.

“உங்க வீட்டுக்கு மட்டும் தனி லைன் இழுத்துத் தாரோம்மா. நாள் முழுக்கத் தண்ணி வரும். அந்த மனுவ மட்டும் வாபஸ் வாங்கிருங்க.”

“மத்த வீடுகளுக்கு?”

அவர் அதற்குப் பதில் தவிர மற்றதெல்லாம் பேசினார். பேசிப் பேசித் தொண்டை கட்டி இருமினார். அக்கா உள்ளே போய், கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு வந்து நீட்டினார். மனுஷன் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

“வாரேம்மா.”

“போயிட்டு வாங்க தம்பி. குடிச்ச தண்ணிக்குக் கையெழுத்தெல்லாம் வேணாம்.”